முகூர்த்த நாளைக் கேட்கும் விசா அதிகாரி

திருப்பதி: முகூர்த்த நாள்களில் திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் தரிசனக் கூட்டத்தோடு கல்யாணக் கூட்டமும் சேர்ந்து ஏறும். வேலூர், அரக்கோணம், திருத்தணி, சென்னை எனத் தமிழகத்திலிருந்து வரும் மணவீட்டாரும் அதில் உண்டு. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அப்போது எல்லைக்கோடுதான் மாறியது. ஏழுமலையான் மலையில் தாலி கட்டுவதாக நேர்ந்துகொள்ளும் வழக்கம் கோட்டின் இருபுறமும் மாறவில்லை.

மலையப்பரின் கல்யாணத்துக்கே பயணத் தடை ஒன்று இருந்ததாகத் தல புராணம் கூறுகிறது. புத்தூரை அடுத்த நாராயணவனத்தில் ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணந்த ஸ்ரீநிவாசன், மணமான புதிதில் ஆறு மாதம் மலை ஏறலாகாது என்ற நெறிக்குக் கட்டுப்பட்டு, இன்று ஸ்ரீநிவாசமங்காபுரம் என வழங்கும் இடத்தில் தங்கியிருந்து, பிறகே திருமலைக்குச் சென்றார் என்பது ஐதீகம். கல்யாணம் முடிந்ததும் எப்போது, எங்கே போகலாம் என்பதைக் கல்யாண நாளே நிர்ணயித்த கதை அது.

இன்றும் நிர்ணயிப்பது அதுவே. நெறியை வகுப்பவர்கள்தான் வேறு. சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்திலும் மகனோ மகளோ அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கெல்லாம் ஜாதகம் பார்ப்பவரோடு குடியேற்றச் சட்டம் தெரிந்தவர் ஒருவரையும் கேட்ட பிறகே நாள் குறிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நடக்கும் திருமணம், பிறக்கும் குழந்தை, ஏற்படும் மணமுறிவு, நிகழும் மரணம் ஆகிய ஒவ்வொன்றும் அந்த விண்ணப்பத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியது. அதைத் தெரிவிக்காமல் விடுவது பெரும்பாலும் மாற்றத்தைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கிறது.

பதிவு செய்யாவிட்டால் கல்யாணம் இல்லையா?

இது குறித்துக் குடும்பங்களிடையே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியுள்ளன. ஒன்று, சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாத வரை சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகவில்லை என்பது. மற்றொன்று, பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிட்டால் சடங்கு இல்லாமலேயே கல்யாணம் ஆகிவிட்டது என்பது. இரண்டும் தவறு. விசா விவகாரத்தில் நொந்துபோகும் குடும்பங்கள் பலவற்றின் கதையை ஆராய்ந்தால், இவ்விரண்டில் ஒன்று அடியில் கிடக்கும்.

முதல் நம்பிக்கை அதிகம் அடிபடுவது அமெரிக்காவின் எஃப்-2பி என்னும் பிரிவில். கிரீன் கார்டு பெற்ற தாயோ தந்தையோ, இந்தியாவில் இருக்கும் 21 வயது கடந்த, மணமாகாத மகனுக்கோ மகளுக்கோ மனுச் செய்வது இப்பிரிவு. வழக்கமாக இது நடக்கும் விதம்: மூத்த மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பெற்றோரை வரவழைக்கிறாள். பெற்றோர் கிரீன் கார்டு பெற்றதும், சித்தூரில் இருக்கும் கடைசி மகனுக்காக மனுப் போடுகிறார்கள். அப்போது அவனுக்கு வயது 22. இப்பிரிவில் இந்தியருக்குக் காத்திருப்பு ஏறக்குறைய எட்டு, ஒன்பது ஆண்டுகள். முறை வரும்போது அவனுக்கு 30 வயது ஆகிவிடும். 30 வயது வரை மகனைக் கல்யாணமின்றி வைத்திருக்க எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மணமான பிள்ளைகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பிரிவே கிடையாது. மகன் தாலி கட்டிய கணத்தில் அந்த மனு தானாகவே ரத்தாகிறது. அதிகாரி ஒருவர் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பின்னர் மணமுறிவு பெற்றாலும் இறந்த மனு உயிர் பெறாது. தந்தை பின்னாளில் குடியுரிமை பெற்றாலும் பெறாது. புதிய மனு, புதிய தேதி, புதிய வரிசை என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கேதான், "தாலி கட்டி முடியட்டும், பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனை பெரியவர்களிடமிருந்து வருகிறது. திருமலையில் சடங்கு முடிகிறது, பதிவு செய்வதில்லை, நேர்காணலில் மகன் "மணமாகாதவன்" என்று சத்தியம் செய்து விசா வாங்கிச் செல்கிறான். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவு, பதிவு செய்யாததால் திருமணத்தின் செல்லுபடி எவ்விதத்திலும் பாதிக்கப்படாது என்று தெளிவாகவே கூறுகிறது. ஒரு திருமணம் செல்லுமா என்பதை, அது நடந்த இடத்தின் சட்டத்தைக் கொண்டே அமெரிக்க அதிகாரிகள் முடிவு செய்கின்றனர். எனவே பதிவேட்டில் இல்லாத அந்தத் திருமணம் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையிலும் திருமணமே. பெற்ற விசா பொய்யில் பெற்றதே.

பொய் வெளிப்படுவது பெரும்பாலும் காட்டிக்கொடுப்பவர்களால் அல்ல. சென்றவன் ஓரிரு ஆண்டில் மனைவியை அழைத்துக்கொள்ள மனுப் போடுகிறான். அதோடு திருமணச் சான்றிதழை இணைக்க வேண்டும். அதில் உண்மையான தேதி இருந்தால் அகப்பட்டுக்கொள்கிறான். பின்தேதி இட்டு வாங்கியிருந்தால், அழைப்பிதழ், புகைப்படம், குழந்தையின் பிறப்புச் சான்று என ஏதாவது ஒன்று முன்தேதியைக் காட்டிக்கொடுக்கிறது. அது தப்பினால் குடியுரிமை விண்ணப்பத்தின்போது பழைய கோப்பு மறுபடி திறக்கப்படுகிறது. முக்கியமான உண்மையை மறைத்து விசா பெற்றவருக்கு அமெரிக்கச் சட்டம் ஆயுள்காலத் தடை விதிக்கிறது. உள்ளே இருப்பவரை நாடு கடத்தவும் வழி செய்கிறது. விலக்குகள் சில உண்டு; ஆனால் அவை அதிகாரியின் அல்லது நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டவை.

விசா கையில் வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முன் நடக்கும் கல்யாணமும் இதே வகையில் சேரும். பயணத்துக்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று மாதத்தில் மகனுக்குக் கால்கட்டு போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைப்பது இயல்பே. ஆயினும் எஃப்-2பி விசாவில் செல்பவர் அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கி அனுமதி பெறும் நொடி வரை மணமாகாதவராக இருக்க வேண்டும். இறங்கிய மறுநாள் கல்யாணம் செய்துகொண்டால் கேள்வியே இல்லை.

நேர்மையான வழி இல்லாமல் இல்லை. அது வரிசைமுறையில் இருக்கிறது. கிரீன் கார்டு பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பெற்றோர் குடியுரிமைக்குத் தகுதி பெறுகின்றனர். தந்தை குடிமகனாகி உறுதிமொழி ஏற்றதும் மகனின் மனு எஃப்-1 பிரிவுக்கு மாறுகிறது. அதன்பின் மகன் மணந்தால் மனு ரத்தாகாது. மணமான பிள்ளைகளுக்கான எஃப்-3 பிரிவுக்குப் போகும். மனுப் போட்ட பழைய தேதி அப்படியே நீடிக்கும். எஃப்-3 பிரிவில் இந்தியருக்குக் காத்திருப்பு 13 ஆண்டுகளுக்கும் மேல் என்பது உண்மையே. ஆனால் மனைவியும் குழந்தைகளும் அதே மனுவில் உடன் செல்லலாம். ஓர் உதாரணம்: 2016-ல் மனு, 2021-ல் தந்தைக்குக் குடியுரிமை என்று கொள்வோம். மகன் 2020-ல் மணந்தால் நான்கு ஆண்டுக் காத்திருப்பும் கைவிட்டுப் போகிறது. 2022-ல் மணந்தால் 2016 என்ற தேதியோடு வரிசையில் நிற்கிறான். அந்த இரண்டு ஆண்டுப் பொறுமையின் மதிப்பைப் பெண் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது வேறு சங்கடம்.

ஆடி மாதத்தில் திறந்த கதவு

வேலை அடிப்படையில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்போரின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அங்கே கல்யாணம் செய்துகொள்வதில் தவறில்லை. தாமதமாகச் செய்துகொள்வதில்தான் ஆபத்து.

விண்ணப்பதாரரின் மனைவியும் பிள்ளைகளும் அவரது மனுவின் நிழலிலேயே கிரீன் கார்டு பெறலாம். நிபந்தனை ஒன்றே: அவருக்குக் கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் அந்தத் திருமணம் ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும். முதல் நாள் மணந்திருந்தால் மனைவி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம். மறுநாள் மணந்தால் அவர் எஃப்-2ஏ என்ற தனி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அதற்குள் கணவர் ஹெச்-1பி நிலையை விட்டு நிரந்தரவாசி ஆகிவிட்டதால், சார்ந்தோருக்கான ஹெச்-4 விசாவும் மனைவிக்குக் கிடைக்காது. புதுமணத் தம்பதி ஆளுக்கொரு கண்டத்தில் சில ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு பல்லாயிரம் இந்திய இளைஞர்களை ஒரே சமயத்தில் அலைக்கழித்த நிகழ்ச்சி 2007-ல் நடந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியிட்ட ஜூலைக்கான விசா அறிவிப்பில், வேலை அடிப்படையிலான பிரிவுகள் ஏறக்குறைய அனைத்தும் திறக்கப்பட்டன. எந்தத் தேதியில் மனுப் போட்டவரும் இறுதி விண்ணப்பம் தரலாம் என்றானது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கும் பிறப்புச் சான்றுக்கும் அலைந்தனர். மணமாகாதவர்களுக்கோ, இப்போதே மணந்து மனைவி பெயரையும் சேர்த்துவிடலாமா என்ற பரபரப்பு. ஜூலை 2-ம் தேதி, எண்கள் தீர்ந்துவிட்டன, விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்று திடீரென அறிவிக்கப்பட்டது.

அதற்கு எதிர்ப்பு கிளம்பிய விதம் இந்தியாவுக்கே உரியது. முந்தைய ஆண்டு வெளியான "லகே ரஹோ முன்னா பாய்" ஹிந்தித் திரைப்படம் பிரபலப்படுத்திய காந்தி வழியைப் பின்பற்றி, ஜூலை 10-ம் தேதி அமெரிக்கக் குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸின் அலுவலகத்துக்கு இந்தியர்கள் பூங்கொத்துகளை அனுப்பிக் குவித்தனர். அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கும் பெதஸ்தா கடற்படை மருத்துவமனைக்கும் திருப்பிவிட்டார். ஜூலை 17-ம் தேதி முடிவு மாற்றப்பட்டு, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் குரூரம் புரிந்திருக்கும். ஜூலை 17 தமிழரின் ஆடி பிறக்கும் நாள். ஆகஸ்ட் 17 அது முடியும் தறுவாய். தெலுங்கு ஆஷாடமும் அவ்வாண்டு ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் 12 வரை நீடித்தது. அமெரிக்கா கதவைத் திறந்து வைத்த அந்த ஒரு மாதம், இருமொழிக் குடும்பங்களும் மணவறையில் உட்காராத மாதம். அதன்பின் இந்தியருக்கான தேதிகள் பின்னோக்கிச் சென்றன. எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இன்றும் உள்ளது. இதனால் பொறியாளர்கள் நிறைந்திருக்கும் இ.பி.-2, இ.பி.-3 பிரிவுகளில் இந்தியரின் காத்திருப்பு பத்து ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அப்போது கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் முகூர்த்தத்தோடு வேறொன்றையும் தவறவிட்டார்கள்.

கனடாவில் மறைத்தால்

அமெரிக்கச் சட்டம் மனுவைக் கொல்கிறது என்றால், கனடாவின் சட்டம் உறவையே அழித்துவிடுகிறது எனலாம். 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடியேற்ற விதிகளில் 117(9)(டி) என்ற உட்பிரிவு உண்டு. ஒருவர் நிரந்தரவாசியாகச் சென்றபோது அவருக்கு மனைவியோ குழந்தையோ இருந்து, அவர்களைக் குறிப்பிடாமல், அதிகாரிகளின் பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்டிருந்தால், பிற்காலத்தில் அவர்களைக் குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ள முடியாது. கால வரம்பு ஏதும் இல்லை.

பிலிப்பைன்ஸிலிருந்து 1993-ல் கனடா சென்ற ஒரு பெண், தமக்கு ஒரு மகள் மட்டுமே உண்டு என்று தெரிவித்திருந்தார். தந்தையிடம் வளர்ந்துவந்த இரண்டு மகன்களைக் குறிப்பிடவில்லை. பின்னர் அவர்களை அழைக்க முயன்றபோது இந்த விதி குறுக்கே நின்றது. 2005 டிசம்பரில் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. குடும்பங்கள் ஒன்றுசேர்வது சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றுதான். ஆனால் உண்மையைச் சொல்வதும் அதன் நோக்கம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்த விதியின் கடுமையைக் கனடா அரசே ஒப்புக்கொண்டதுபோல், 2019 செப்டம்பர் 9 முதல் ஒரு சலுகைக் கொள்கை கொண்டுவரப்பட்டது. பின்னர் அது 2026 செப்டம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. அகதிகளாகச் சென்றவர்களும், தாமே குடும்பப் பிரிவில் துணைவராகவோ பிள்ளையாகவோ சென்றவர்களும் விட்டுப்போன உறவினரை அழைக்க அது வழிவிட்டது. போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்களைப் போன்றோர் முன்னிட்டு நோக்க வேண்டிய சலுகை அது. தொழில்திறன் பிரிவில் செல்லும் பொறியாளருக்கு அது பொருந்தாது. திருப்பதிப் பகுதியிலிருந்து கனடா செல்லும் இளைஞர்களில் பலர் செல்வதோ அந்தப் பிரிவில்.

இவர்கள் கவனிக்க வேண்டிய கட்டம், விசா கிடைத்ததற்கும் கனடாவில் கால் வைப்பதற்கும் இடைப்பட்ட காலம். அப்போது மணம் நடந்தாலோ, மணமுறிவு ஏற்பட்டாலோ, நுழைவிட அதிகாரியிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி கூறுகிறது. சொன்னால் அன்றைய நுழைவு தடைப்படலாம். மனைவியின் மருத்துவப் பரிசோதனை, புதிய படிவங்கள் எனச் சில மாதங்கள் தாமதமாகலாம். சொல்லாவிட்டால் மனைவி என்றென்றைக்கும் வெளியே. தவறான தகவல் தந்ததற்காக விதிக்கப்படும் தடையும் 2014 நவம்பர் முதல் இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தப்பட்டுவிட்டது. மாதக்கணக்குத் தாமதத்துக்கு அஞ்சி வாழ்நாள் பிரிவை விலைக்கு வாங்குவது என்ன கணக்கோ!

ஆஸ்திரேலியச் சட்டமும் இதே வழியில், விண்ணப்பித்த பிறகு குடும்ப நிலை மாறினால் அதைக் கூடிய விரைவில் தெரிவிக்கும் கடமையை விண்ணப்பதாரர் மீதே சுமத்துகிறது. அதற்கெனத் தனிப் படிவமே உள்ளது. அதிகாரி கேட்கவில்லையே என்பது அங்கே பதிலாகாது.

ஏழாவது அடி

இரண்டாவது நம்பிக்கைக்கு, அதாவது சான்றிதழே கல்யாணம் என்ற எண்ணத்துக்கு, புது தில்லியில் உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் முற்றுப்புள்ளி வைத்தது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோர் அடங்கிய அமர்வின் தீர்ப்பு அது. வழக்கில் வந்த இருவரும் விமானிகள். 2021-ல் ஓர் அமைப்பு வழங்கிய சான்றைக் கொண்டு உத்தரப் பிரதேசத்தில் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டனர். முறைப்படியான சடங்கு 2022 அக்டோபரில் நடத்துவதாகத் திட்டம். அதற்குள் உறவு முறிந்து வழக்காயிற்று. சடங்கே நடக்காததால் அது இந்துத் திருமணமே அல்ல; சான்றும் பதிவும் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது.

தீர்ப்பு அத்தோடு நிற்கவில்லை. மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போது, நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, சடங்கைப் பிறகு வைத்துக்கொண்டு, விசா விண்ணப்பத்துக்காகப் பதிவை மட்டும் முதலில் முடித்துக்கொள்ளப் பெற்றோர் சம்மதிப்பதைக் குறிப்பிட்டுக் கண்டித்தது. அந்தச் சடங்கு ஒருபோதும் நடக்காமல் போனால் அந்த இளைஞர்களின் நிலை என்ன, அவர்கள் கணவன் மனைவியா இல்லையா என்பதே நீதிபதிகள் எழுப்பிய கேள்வி. இது இந்த வட்டாரத்துக்கு அந்நியமான பழக்கம் அல்ல. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பதிவு, ஆறு மாதம் கழித்து விமரிசையாகக் கல்யாணம், அதற்குள் பெண்ணுக்கு ஹெச்-4 விசா என்ற ஏற்பாடு ஆந்திரத்திலும் தமிழகத்திலும் சகஜமாக உள்ளது.

இந்து திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி மணமக்களில் ஒருவரது வழக்கப்படியான சடங்குகள் நடந்திருக்க வேண்டும். அவற்றில் சப்தபதி அடங்கியிருந்தால், அக்னி முன் ஏழாவது அடி வைக்கும்போது திருமணம் நிறைவடைகிறது. தமிழ்நாட்டில் 1967-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் சேர்ந்த 7-ஏ பிரிவு, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணத்தையும் செல்லத்தக்கதாக்கியது. அது தமிழ்நாட்டுக்கு மட்டுமான திருத்தம்.

அவசரமாகச் சான்றிதழ் தேவைப்படுவோருக்குச் சட்டம் வேறு பாதையைத் தந்துள்ளது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, பதிவு அதிகாரி முன் மணந்துகொள்ளலாம். அதற்குச் சடங்கு வேண்டாம். ஆனால் அன்றே அவர்கள் முழுமையாகக் கணவன் மனைவி ஆகிவிடுகின்றனர். பின்னால் நடக்கும் கல்யாணம் உறவினருக்கான விழாவே. எந்தப் படிவத்திலும் முதல் தேதியையே எழுத வேண்டும். அந்த விழாவுக்கு முன் மனம் மாறினால் மணமுறிவு வழக்குத்தான் வழி. இதை அறிந்தே அந்தப் பாதையில் இறங்க வேண்டும்.

அமெரிக்கக் குடிமகனை மணக்கவிருப்பவர் பெறும் கே-1 விசாவில் இந்தக் குழப்பம் தலைகீழாக வரும். அது வருங்கால மணப்பெண்ணுக்கான விசா. அமெரிக்கா சென்ற 90 நாளுக்குள் மணக்க வேண்டும். புறப்படும் முன் "சும்மா ஒரு சாஸ்திரத்துக்கு" மலையில் மாங்கல்யம் கட்டிவிட்டால் அவள் மணப்பெண் அல்ல, மனைவி. விசாவுக்குரிய தகுதி போய்விடுகிறது.

முறிவு, மரணம், குழந்தை

மணமுறிவில் இதே ஒருநாள் கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. கணவனின் வேலை மனுவைச் சார்ந்து கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் மனைவி, அது கிடைப்பதற்கு முன் மணமுறிவு பெற்றால் சார்ந்து நிற்கும் உரிமையை இழக்கிறாள். ஹெச்-4 விசாவும் அத்தோடு போகிறது. கிடைத்த பிறகு பிரிந்தால் அட்டை அவளுடையது. இந்தியருக்குக் காத்திருப்பு பத்து ஆண்டைத் தாண்டுவதால், கொடுமை நிறைந்த இல்லறத்திலிருந்து வெளியேறத் தயங்கும் பெண்களின் முன் நிற்கும் சுவர் இது. படிவம் நிரப்பும் கலையில் இதற்குத் தீர்வு இல்லை.

மனுப் போட்ட தந்தை இறந்துவிட்டால் பொதுவாக மனுவும் அவரோடு மறைகிறது. மனிதாபிமான அடிப்படையில் அதை உயிர்ப்பிக்கக் கோரலாம். 2009 அக்டோபரில் வந்த அமெரிக்கச் சட்டத் திருத்தம் சிலருக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அது மரணத்தின்போது அமெரிக்காவில் வசித்தவர்களைச் சார்ந்தது. சித்தூரில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது உதவுவது அரிது. துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்த பிறகு தூதரகத்துக்கு எழுத வேண்டிய கடிதம் அது; எழுதாமல் இருந்து நேர்காணலுக்குச் செல்வதால் மனு பிழைத்துவிடாது.

இவற்றுக்கிடையே சுலபமானது குழந்தைப் பிறப்பு. பெற்றோருக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா வழங்கப்பட்ட பிறகு பிறக்கும் குழந்தை, பிறப்புச் சான்றோடும் பாஸ்போர்ட்டோடும் தனி விசா இன்றியே பெற்றோருடன் செல்லலாம். கனடாவுக்கு அப்படியல்ல, அங்கே குழந்தையையும் விண்ணப்பத்தில் சேர்த்துப் பரிசோதனைக்கு உட்படுத்தியாக வேண்டும்.

தில்லியில் யோசனைகள்

மத்திய அரசின் போக்கு இதில் இருவேறு திசைகளில் சென்றுள்ளது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தி, மணமானவர்கள் திருமணச் சான்று தர வேண்டியதில்லை என்றும், பிரிந்து வாழ்வோர் கணவன் அல்லது மனைவி பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. தனித்து வாழும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தனது 287-வது அறிக்கையில் வேறொன்றைப் பரிந்துரைத்தது. வெளிநாடு வாழ் இந்தியருக்கும் இந்தியருக்கும் நடக்கும் திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் சட்டத்தைத் திருத்தி மண நிலையைத் தெரிவிக்கச் செய்து, கணவன் மனைவி பாஸ்போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, திருமணப் பதிவு எண்ணையும் குறிக்க வேண்டும் என்றது. மணந்து சில வாரத்தில் மனைவியைக் கைவிட்டுப் பறந்துவிடும் மாப்பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட யோசனை அது. அவ்வாறு இணைக்கப்பட்டால், மணமாகாதவன் என்று சொல்லி விசா வாங்கும் வழியும் கூடவே அடைபடும்.

பதிவுக்குச் சட்டம் ஏற்கெனவே உண்டு. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2002-ம் ஆண்டிலேயே கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 2006 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் ஒருவருக்கு மணமாகிவிட்டதா என்று நாடு முழுவதற்கும் தேடிப் பார்க்க ஒரே பதிவேடு இந்தியாவில் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு "இவருக்குத் திருமணப் பதிவு இல்லை" என்று மையப் பதிவேட்டைப் பார்த்துச் சான்று தருகிறது. இங்கோ அதற்கு ஈடாக நிற்பது நோட்டரி முன் எழுதித் தரும் பிரமாணப் பத்திரம்.

திருமலையில் மணப்போர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, புரோகிதரோ மடமோ மண்டபமோ தரும் ரசீது திருமணச் சான்று ஆகாது என்பதை. விசா அலுவலகம் கேட்பது பதிவாளர் வழங்கிய சான்றிதழை. அதில் பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தெலுங்கரின் வீட்டுப் பெயரும் தமிழரின் தலைப்பெழுத்தும் கலந்து வழங்கும் இந்த எல்லைப் பகுதியில், ஒரே ஆளின் பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பது அபூர்வமல்ல. சான்று தெலுங்கில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் இரண்டு தேதிகள் காணப்படும்: ஒன்று திருமணம் நடந்த தேதி, மற்றொன்று பதிவு செய்த தேதி. மலையில் ஆவணியில் மணந்து, ஊர் திரும்பி மார்கழியில் பதிவு செய்தவர்களுக்கு இவ்விரண்டுக்கும் நான்கு மாத இடைவெளி இருக்கும். விசா படிவத்தில் எழுத வேண்டியது ஆவணித் தேதியை.